வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்

சேகர், உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. முதல் பக்கம் முழுக்க சந்தோஷம். வசந்திக்கு நாலாவது மாதம் என்று படித்ததும் அடுப்பில் இருந்த குழம்பை மறந்துவிட்டேன். அடிப்பிடித்த குழம்பைத்தான் நானும் உன் அப்பாவும் சாப்பிட்டோம், அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரண்டாவது பக்கத்தில்தான் நீ உன் வேலையைக் காட்டிவிட்டாய். வசந்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவது இந்த நேரத்தில் நல்லதில்லை, வேலையை விடச் சொல்கிறேன், அவள் கேட்க மாட்டேன் என்கிறாள், நீயும் ஒரு வார்த்தை எழுதும்மா என்கிறாய். டாக்டர் அப்படிச் சொன்னாரா என்றால் இல்லை. வசந்திக்கு உடம்பு முடியவில்லையா என்றால் அதுவும் இல்லை. நீயாகவே ஒரு முடிவுக்கு வந்து, அதற்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறாய். ஒரு வார்த்தையில் எதையும் சொல்லி முடிக்க எனக்குத் தெரியாது என்பது உனக்கே தெரியும். அதனால் சௌகரியமாக உட்கார்ந்து படி.

நான் கிணறு அளந்தவள் என்பது உனக்குத் தெரியும். "உங்க அம்மா இன்னாடா வேலை செய்றாங்க?" என்று வாத்தியார் கேட்டதற்கு, "கெணத்துக்குள்ள காது வச்சு கேக்கறாங்க சார்" என்று சொல்லி, கிண்டல் பண்ணுகிறாய் என்று அவரிடம் உதை வாங்கிக்கொண்டு வந்தவன் நீ. ஆனால் அந்த வேலை எனக்கு எப்படி வந்தது, நீ வயிற்றில் இருந்தபோது அது எப்படிக் கையை விட்டுப் போகப் பார்த்தது என்பதை நான் உன்னிடம் சொன்னதில்லை. சொல்லும்படி நீ நடந்துகொண்டதும் இல்லை. இப்போது நடந்துகொண்டிருக்கிறாய்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. நமக்கு அப்போது வேலூர்தான் ஜில்லாத் தலைநகரம். நாம் குடியிருந்தது பெரிய கோயிலின் பேகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில். உன் அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். கழுத்தில் விசிலும் கையில் கடிகாரமுமாக நிற்பார், வீட்டுக்கு வந்தாலும் விசிலைக் கழற்ற மாட்டார். எங்கள் சந்துக்கு நடுவில் ஒரு பெரிய கிணறு. எந்தெந்தக் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சர்க்கார் கணக்கெடுக்க ஆரம்பித்த காலம், ஊரில் அதற்காகப் பொறுக்கிய கிணறுகளில் எங்களுடையதும் ஒன்று. வேலூரிலிருந்து ஒரு ஆள் வருவார். கைப்பிடிச் சுவரில் குப்புறப் படுத்துக்கொண்டு, எஃகு நாடாவில் கட்டிய ஒரு பித்தளைக் கிண்ணியை உள்ளே இறக்குவார். தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணி அது, அடிப்பக்கம் குழிவு. தண்ணீரின் மேல் பட்டதும் 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்த இடத்தில் நாடாவைப் பிடித்து, தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொள்வார். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அந்தக் கிணற்றடி முழுக்க முழுக்கப் பெண்களின் ராஜ்யம். காலையில் குளிப்பதும் துவைப்பதும், அப்புறம் குடிதண்ணீர், அப்புறம் ஊர் வம்பு. அதன் நடுவில் ஒரு ஆண்பிள்ளை வந்து குப்புறப் படுத்துக்கொண்டு, "கொஞ்சம் பேசாம இருங்க, சத்தம் கேக்கல" என்றால் யார் விடுவார்கள்? எதிர்வீட்டுச் சரோஜாக்கா மூன்றாம் முறை அவரை நாடாவும் கையுமாகத் துரத்திவிட்டாள். அப்புறம் ஓவர்சியரே நேரில் வந்து பார்த்து, பஸ் ஸ்டாண்டில் உன் அப்பாவிடம் புலம்பியிருக்கிறார். "அந்தத் தெருவுல நம்பர் படிக்கத் தெரிஞ்ச பொம்பளை யாராச்சும் இருந்தா சொல்லுய்யா." உன் அப்பா யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுலயே இருக்குது சார், எட்டாவது பாஸு." என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு வேலை வாங்கிக்கொண்டு வந்த மனுஷர் அவர். சண்டை போட்டேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம்.

முதல் தடவை நான் அளந்த லட்சணத்தை உன் அப்பா இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்டுவார். கிண்ணியை விறுவிறுவென்று இறக்கினேன், பாதியிலேயே ஏதோ சத்தம் கேட்டது, எழுதிக் கொடுத்துவிட்டேன். கோடையில் கிணறு ஏறக்குறைய வழிகிறது என்று என் கணக்கு சொன்னது. கிண்ணி இடித்தது சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லில். ஓவர்சியர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மெதுவாக இறக்கு. ஆழம் நெருங்கியதும் ஒரு சாண் தூக்கு, விடு, மறுபடியும் தூக்கு, விடு. கல்லில் பட்டால் 'டங்', மிதக்கிற கொட்டாங்கச்சியில் பட்டால் 'டக்', பாசியில் பட்டால் 'சப்'. தண்ணீரில் பட்டால் மட்டும்தான் உருண்டையாக ஒரு 'டொப்'. மூன்று தடவை கேட்டு, மூன்றும் ஒத்துப்போனால் எழுது. சில மாதத்தில் எனக்கு அது கைவந்துவிட்டது. கோயில் மணி அடித்தால் நிற்கும் வரைக்கும் காத்திருப்பேன். கிணற்றுப் பொந்துப் புறாக்கள் சிறகடித்தால் அடங்கும் வரைக்கும் காத்திருப்பேன். எல்லாம் அடங்கும், சரோஜாக்கா மட்டும் அடங்க மாட்டாள்.

அவளும் மற்றவர்களும் மனசார வாயை மூடிக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். கிண்ணி தண்ணீரை நெருங்கும்போது சரியாக ஒருத்திக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். "அய்ய, சொல்ல மறந்துட்டேனே, பூக்காரி மவ வந்துட்டாளாம்." போச்சு, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் சரோஜாக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். "எல்லாரும் வாயில ஒரு மடக்குத் தண்ணி வச்சுக்கோங்கடி. அவ எழுதி முடிக்கற வரைக்கும் எவளும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது." அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. நான் நாடாவை எடுத்தால், குடத்திலிருந்து ஆளுக்கொரு மடக்கு அள்ளி வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் உப்பி, கிணற்றைச் சுற்றி வரிசையாக நிற்பார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பு வராமல் அளப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் நீ வந்தாய். வாந்தி ஒரு பக்கம், வேலைக்கு வேட்டு ஒரு பக்கம். பிள்ளைத்தாய்ச்சி கிணற்றை எட்டிப் பார்க்கக் கூடாது என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. உன் அப்பாவும், இப்போது நீ எழுதியிருக்கிறாயே, ஏறக்குறைய அதே வார்த்தையில், "விட்டுடேன், இப்ப இன்னாத்துக்கு உனக்கு இது?" என்றார். அதனால்தான் உன்மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை, அது பரம்பரையாக வருகிறது போலிருக்கிறது. நான் அழுதேன். அழுததற்குக் காரணத்தை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஊரில் நான் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி. அந்த நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கொஞ்ச நேரம்தான் நான் நானாக இருந்தேன். நான் சொன்ன எண்ணை வேலூரில் ஒருவர் நம்பி எழுதிக்கொண்டார். அதை விட எனக்கு மனசு வரவில்லை.

வழி சொன்னது மறுபடியும் சரோஜாக்காதான். "எட்டிப் பாக்கக் கூடாதுன்னு தானேடி சொல்லிகீறாங்க? காதால கேக்கக் கூடாதுன்னு யார்னா சொன்னாங்களா?" சுவரிலிருந்து தள்ளி ஒரு முக்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். ராட்டினத்தின் மேல் நாடாவைப் போட்டு அவள் இறக்குவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன், 'டொப்' வந்ததும் கையைத் தூக்குவேன். அவள் அந்த இடத்தை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாடாவைக் கொண்டுவந்து காட்டுவாள், நான் படிப்பேன். கிணறு சத்தத்தை ஒளிக்காது, முக்காலி வரைக்கும் முழுசாகக் கொண்டுவந்து கொடுக்கும். உன் அப்பா ஒரு நாள் வந்து பார்த்தார், விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார், அப்புறம் விட்டுவிடு என்று சொல்லவே இல்லை.

ஆனால் ஓவர்சியர் சம்மதிக்க வேண்டுமே. நான் இப்படி உட்கார்ந்துகொண்டு அளக்கிறேன் என்று அவருக்குத் தகவல் போய்விட்டது. அளவு சரியாக இருக்கிறதா என்று நேரில் சோதித்துப் பார்க்க வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆள்தான் என்று சொல்லி அனுப்பினார். வருகிறபோது புது மிஷின் ஒன்றும் கொண்டுவருகிறாராம். அன்று காலையில் நான் ஒரு தடவை அளந்து வைக்க வேண்டும், பத்து மணி வேலூர் பஸ்ஸில் அவர் வந்து மிஷினால் அளப்பார், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். என் வேலை அந்த ஒத்துப்போவதில் இருந்தது.

இதற்கு நடுவில் நம் சந்துப் பெண்கள் தனியாக ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். தண்ணீர் கம்மியாக இருக்கிற தெருவுக்கு முதலில் குழாய் போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேலூர் ஓவர்சியரே வருகிறார், அவர் கண்ணுக்குக் கிணறு வறண்டு தெரிய வேண்டும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், விடிகிறதுக்கு முன்னாலேயே அத்தனை பேரும் சேர்ந்து இறைத்துத் தள்ளிவிட்டார்கள். அண்டா, தவலை, தொட்டி எல்லாம் நிரப்பி, மிச்சத்தைத் தென்னை மரங்களுக்கு ஊற்றி, வாசலெல்லாம் சேறு. நான் வாந்தி எடுத்து ஓய்ந்து, முக்காலிக்கு வந்து உட்கார்ந்து கேட்டால், 'டொப்' எங்கேயோ பாதாளத்திலிருந்து வருகிறது. போன வாரத்தை விட ஒன்றரை ஆள் உயரம் கீழே. "இன்னாக்கா இது, யானை வந்து குடிச்சுட்டுப் போச்சா?" என்றேன். சரோஜாக்கா முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, "வெயிலு ஜாஸ்தி இல்லியா" என்றாள். புடவைக் கொசுவம் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் காதில் கேட்டதை எழுதுவதுதான் என் வேலை. மூன்று தடவை கேட்டேன், எழுதினேன்.

பத்து மணி பஸ் வரவில்லை. போளூருக்கு இந்தப் பக்கம் டயர் பஞ்சர், மாற்று டயரும் இல்லை என்று உன் அப்பா சொல்லி அனுப்பினார். ஓவர்சியர் வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கூலியாள் தலையில் ஒரு மரப்பெட்டி. கிணற்றுச் சுவரை ஒட்டி அவருடைய ஆட்கள் முன்பே வந்து இறக்கிக் கட்டியிருந்த இரும்புக் குழாயின் வாயில், பெட்டியிலிருந்து வந்த ஒரு துப்பாக்கி மாதிரியான மூடியைப் பொருத்தினார். அது ஒரு வெடி வெடிக்கும், சத்தம் குழாய் வழியே போய்த் தண்ணீரில் மோதித் திரும்பி வரும், போகும்போது ஒரு துள்ளல், வரும்போது ஒரு துள்ளல் என்று ஓடுகிற காகிதத்தில் ஒரு முள் கிறுக்கும். இரண்டு துள்ளலுக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, அதை வைத்துத் தண்ணீரின் ஆழத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். "யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார். நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஆளுக்கொரு மடக்கு அள்ளி வாயில் வைத்துக்கொண்டு வரிசை கட்டிவிட்டார்கள். ஓவர்சியர் விசித்திரமாகப் பார்த்துவிட்டு விசையை இழுத்தார். 'டமார்'. பொந்துப் புறாக்கள் மொத்தமும் பேகோபுரத்துப் பக்கம் பறந்தன. நீ என் வயிற்றுக்குள் முதல் தடவையாக உதைத்தாய். ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

காகிதத்தைப் பார்த்தார், என் காலைக் கணக்கைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு வெடி. அதே அளவு. பித்தளைக் கிண்ணியை இறக்கச் சொன்னார். நான் கேட்டுக் கை தூக்கிய இடமும் மிஷின் சொன்ன இடமும் ஒன்று. ஆனால் காலையில் நான் எழுதியதற்கு வெகு மேலே. பஸ் தாமதமான அந்தப் பகல் முழுக்க ஊறி, கிணறு மறுபடியும் நிறைந்துவிட்டது. அது அவருக்கு எப்படித் தெரியும்? "மிஷினு பொய் சொல்லாது. இப்ப சரியா கேட்டீங்க, காலையில தப்பா கேட்டுட்டீங்க. உங்க மேல குத்தம் இல்லம்மா. இந்த நெலமைல தூரமா உக்காந்துகிட்டு இந்த வேலையெல்லாம் செய்ய முடியாது. போயி ரெஸ்ட் எடுங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்." அன்பாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிந்தது. நான் வாயைத் திறந்தால் பெண்கள் மாட்டிக்கொள்வார்கள், குழாய் போய்விடும். திறக்காவிட்டால் என் வேலை போய்விடும். நாடாவைச் சுற்றி அவரிடம் நீட்டினேன்.

அப்போதுதான் சரோஜாக்கா வாயிலிருந்த தண்ணீரைப் 'புளிச்' என்று துப்பினாள். ஓவர்சியரின் பேண்ட் மேல் பாதி. "நில்லு சார்! அவ காலையில கேட்டதும் சரிதான். நாங்கதான் எறச்சிட்டோம்." அவள் துப்பியதுதான் தாமதம், வரிசையாக எல்லோரும் துப்பினார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "கொழாய்க்காவத்தான் சார்", "எங்க வூட்டு அண்டாவ வந்து பாரு சார், இன்னும் நெறஞ்சு நிக்குது", "பொய்யின்னா தென்ன மரத்தடிய பாரு." சரோஜாக்கா எல்லோரையும் தாண்டிக் கத்தினாள். "கொழாயி வேணாம்னா போ. அவளுக்குக் காது சரியில்லன்னு மட்டும் சொல்லாத."

ஓவர்சியர் நனைந்த பேண்ட்டோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எப்ப நிறுத்துனீங்க?" என்றார். "சூரியன் கெளம்பறப்ப." காகிதத்தைப் பார்த்தார், கணக்குப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். "ஒரு கெணத்துல எவ்வளவு ஊத்து இருக்குதுன்னு தெரிஞ்சுக்க, நாங்க இஞ்சின் கொண்டாந்து எறச்சுப் போட்டு, எத்தனை நேரத்துல திரும்ப ஊறுதுன்னு பாப்போம்மா. நீங்க இஞ்சின் இல்லாமயே செஞ்சு வச்சுகீறீங்க. கம்மின்னு காட்டப் பாத்தீங்க, டவுனுல இந்த மாதிரி ஊறுற கெணத்த நான் இன்னும் பாக்கல." பெண்களுக்கு முகம் தொங்கிவிட்டது. தண்ணீர் நிறைய இருக்கிற தெருவுக்கு யார் குழாய் போடுவார்கள்? அவர் என் கையிலேயே நாடாவைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வாரம் திரும்ப எறைங்க, இந்தத் தடவ சொல்லிட்டு எறைங்க. நீங்க உக்காந்த எடத்துலயே உக்காந்து அரை மணிக்கு ஒரு தடவ கேட்டு எழுதுங்கம்மா."

அந்த இறைப்பைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள், யார் அதிகம் இறைப்பது என்று போட்டி. ஒருத்தி எனக்கு எலுமிச்சம்பழ ஊறுகாய், ஒருத்தி வேர்க்கடலை உருண்டை. உன் அப்பா லீவு போட்டுவிட்டு வந்து அரை மணிக்கு ஒரு தடவை விசில் ஊதினார். விசில் ஊதினால் இறைப்பவர்கள் நிறுத்தி வாயில் தண்ணீர் அடக்க வேண்டும், நான் கேட்பேன், கை தூக்குவேன், எல்லோரும் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள். நீ ஒவ்வொரு 'டொப்'புக்கும் ஒரு உதை கொடுத்தாய். அந்தக் கணக்கை வைத்துத்தான் அந்தக் கிணற்றில் மோட்டார் வைத்தார்கள், நம் சந்துக்கும் சுற்றியிருந்த தெருக்களுக்கும் அதிலிருந்தே குழாய் போட்டார்கள். நீ கால் கழுவிய குழாய் அதுதான். நான் உன் பிரசவத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் முக்காலியில் உட்கார்ந்தேன், நீ பிறந்து சில மாதத்தில் திரும்பவும் போய் உட்கார்ந்தேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வசந்தி அங்கே என்ன செய்கிறாள்? அவளும் கேட்டுத்தான் சொல்கிறாள். எந்த ஊரிலிருந்தோ யாரோ பதறிக்கொண்டு கூப்பிடுகிற குரலைக் கேட்டு, சரியான இடத்தில் சேர்த்துவிடுகிறாள். அவளுக்கு முடியாமல் போனால் அவளே சொல்வாள், டாக்டர் சொல்வார். அப்போது லீவு போட்டுக்கொள்ளலாம், முக்காலி மாதிரி ஏதாவது ஒரு வழி கண்டுபிடிக்கலாம். நீ அவளை வேலையை விடச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டாய். உன் அப்பாவும் முதலில் பார்க்கவில்லை.

இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவருக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "பையன் சொல்றதுலயும் ஒரு இது இருக்குதே" என்று இழுத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மனுஷர் எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். இதை எழுதி முடிக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், கன்னம் உப்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நீயும் அதையே செய். இன்று சாயங்காலம் வசந்தி வேலையிலிருந்து வந்ததும் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் முழுங்காதே. அப்புறம் ஒரு நாள், அவள் ஆபீசிலோ, நம் சொந்தக்காரர் வீட்டிலோ, யாராவது அன்பாகவே, "இந்த நெலமைல உன்னால இதெல்லாம் முடியாதும்மா" என்று ஆரம்பிப்பார்கள். அப்போது நீ அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், நின்று துப்பிவிட வேண்டும். எதிரில் நிற்பவரின் பேண்ட் நனைந்தால் நனையட்டும்.

அம்மா